முப்பத்தைந்து எழுத்துக்குள் அண்ணை

என் அண்ணைக்கும் எனக்கும் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் உடுப்பிட்டியில், நான் கோப்பாயில். பஸ் ஒழுங்காக வந்தால் ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். ஏழு வருடத்தில் எத்தனையோ பஸ் போயிருக்கும், ஒன்றிலும் நான் ஏறவில்லை. அவரும் ஏறவில்லை.

காரணம் அவருடைய மகளின் கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தவர், எல்லாம் அவசரம். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். அழைப்புக் காட் கொடுத்தால் மட்டும் போதாது. வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்லவேண்டும். அண்ணை கோப்பாய்க்கு வந்தார். என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் தூரத்து உறவினர் வீட்டில் இருந்து, தேத்தண்ணி குடித்து, சொல்லிவிட்டுப் போனார். நான் பிஸ்கற் வாங்கி வைத்து, கதிரை துடைத்து, கேற்றையும் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கு அவர் வரவேயில்லை. அடுத்த நாள் என் போனுக்குக் கலியாணக் காட்டின் படம் வந்தது. படத்துக்குக் கீழே ஒரு சொல்கூட இல்லை.

நான் கலியாணத்துக்குப் போகவில்லை. அண்ணை ஆள் மூலம் கேட்டார்: "அவள் வீட்டு ஆள். கூடப் பிறந்தவளுக்கும் போய்ச் சொல்லவேணுமோ?" நானும் ஆள் மூலமே பதில் அனுப்பினேன்: "வீட்டு ஆளெண்டால் வீட்டுக்கு வரத் தெரியாதோ?" அதற்குப் பிறகு ஆள்கூட வரவில்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நாள் எடுக்கும். கலியாணம் கட்டாமல் அறுபதைத் தாண்டிய ஒரு ரீச்சருக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? ஒரு வீடு, ஒரு கிணறு, நான்கு தென்னை, அந்தக் கோபம். ஓய்வு பெற்ற பிறகு சில நாட்களில் மீன்காரரிடம் "எவ்வளவு?" என்று கேட்பதோடு என் வாய்க்கு வேலை முடிந்துவிடும். பின்னேரம் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்த்தவர்கள் அல்லர்.

பேச்சு நின்றாலும் கோயில் நிற்காதே. உடுப்பிட்டிக் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்பத்துடையது. அப்பா செய்தார், அவருக்குப் பிறகு நாங்கள் இருவரும் பாதிப் பாதி. பேச்சு நின்ற ஏழாம் வருடம், பண்டத்தரிப்பில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகள் அக்கா போன் எடுத்து, என் பங்கை அண்ணையின் வங்கிக் கணக்குக்கு இணையத்தில் போட்டுவிடும்படி சொன்னார். இருவருக்கும் ஒரே வங்கிதான். போட்டேன். திருவிழா முடிந்து இரண்டு நாளில் அண்ணையிடமிருந்து என் கணக்குக்கு நூறு ரூபா வந்தது. காசு அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஆங்கில எழுத்து மட்டும் ஏற்கும், முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் போகாது. அந்தப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரேயொரு சொல்: மிச்சம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருடம் பேசாதவருக்கு நூறு ரூபா மிச்சம் திருப்பித் தரமட்டும் தெரிகிறது. அதே நூறு ரூபாவை அவருக்குத் திருப்பி அனுப்பினேன். குறிப்பில் எழுதினேன்: வேண்டாம்.

அடுத்த நாள் அது திரும்பி வந்தது: கோயில் காசு வைச்சிரு.

அனுப்பினேன்: பூக்காரருக்குக் குடுங்கோ.

வந்தது: குடுத்தாச்சு.

இப்படித்தான் தொடங்கியது. ஐந்தாறு முறை சண்டையாகப் போய் வந்த அந்த நூறு ரூபா, மாரி தொடங்கியபோது வேறொரு வேலைக்கு மாறிவிட்டது. "அங்கை மழையோ" என்று ஒரு நாள் வந்தது. நான் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு "ஓம் கிணறு முட்டத் தண்ணி" என்று எழுதி அனுப்பினேன். அதே வங்கி என்பதால் கட்டணம் கிடையாது. நூறு ரூபா யாரிடம் இருக்கிறதோ, அடுத்ததாகப் பேசவேண்டியவர் அவர். யாரும் வகுக்காத சட்டம் அது, இரண்டு பேரும் மீறவில்லை.

அண்ணை தபாற்கந்தோரில் வேலை செய்தவர். இளம் வயதில் தந்தி எடுத்த கை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று மற்றவர்களின் சாவையும் பிறப்பையும் சுருக்கிப் பழகியவருக்கு முப்பத்தைந்து எழுத்து ஒரு மண்டபம் மாதிரி. "இருமல் இஞ்சி குடிச்சன்" என்பார். "பிலா காய்ச்சிருக்கு அம்மா வைச்சது" என்பார். நான்தான் திணறுவேன். இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்று கத்தியவளுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது. ஒரு முறை, "நீ கூடக் கதைக்கிறாய்" என்று குறிப்பு வந்தது. தனியே இருந்து சிரித்தேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

காலையில் தேத்தண்ணியோடு மடிக்கணினியைத் திறந்து வங்கிப் பக்கத்துக்குள் போவது என் வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் பேப்பர் பார்ப்பதைப் போல நான் என் கணக்கைப் பார்ப்பேன். இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "ஒரு கோல் எடுத்தால் முடிஞ்சுதே" என்பார்கள். கோல் எடுத்தால் யாரோ ஒருவர் முதலில் "ஹலோ" சொல்லவேண்டும். யார் சொல்வது?

இனி என் கணினியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பாடசாலையில் கணினி படிப்பித்தவள். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பழைய பெட்டிகள். எல்லாரும் பாவிக்கிற மென்பொருளைப் போட்டால் அவை மூச்சு வாங்கும். அதற்கு உரிமம் வாங்கவும் பாடசாலையிடம் வழியில்லை. ஒரு விடுமுறை முழுவதும் இருந்து பத்துப் பெட்டிக்கும் லினக்ஸ் போட்டேன். இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம். பத்தும் ஓடின. என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் ஒன்றிரண்டு காரியங்களில் அது ஒன்று. அன்றிலிருந்து எனக்கும் அதுதான். உலாவியும் அதோடு வந்த, அதிகம் பேர் பாவிக்காத ஒன்று. கையில் இருக்கும் போன்கூட, செய்த கொம்பனி கைவிட்ட பிறகு நானே வேறொரு இயங்குதளம் போட்டு உயிரோடு வைத்திருப்பது. அயலவர்கள், "ரீச்சர், புதுசு ஒண்டை வாங்குங்கோவன்" என்பார்கள். ஓடுகிறதை எதற்கு எறிவது?

அன்று காலை வங்கிப் பக்கத்தைத் திறந்தேன். வழமையான பக்கத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைத்தாள் மாதிரித் திரை. நடுவில் சிவப்பு எழுத்து. உங்கள் உலாவியும் இயங்குதளமும் ஆதரிக்கப்படுவதில்லை, உங்கள் பாதுகாப்புக்காக இந்த மாற்றம் என்று இருந்தது. கீழே, என்னென்ன பாவிக்கலாம் என்று ஒரு பட்டியல். என்னுடையது அதில் இல்லை.

உங்கள் பாதுகாப்புக்காக. யாராவது என்னை வாசலில் நிறுத்தி, உன் நன்மைக்குத்தான் என்று சொன்னால் எனக்கு வரும் கோபத்துக்கு அளவே கிடையாது.

எனக்கும் கொஞ்சம் தெரியும். என் உலாவியை, நான் பட்டியலில் உள்ள ஆள்தான் என்று பொய் சொல்ல வைத்தேன். இரண்டு நாள் உள்ளே விட்டார்கள். மூன்றாம் நாள் எங்கோ பிடிபட்டு, சந்தேகத்துக்கிடமான நுழைவு என்று கணக்கின் இணைய வழியையே பூட்டிவிட்டார்கள். அவர்களுடைய போன் செயலியை இறக்கிப் பார்த்தேன். என் போனை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்தக் கருவி பாதுகாப்பற்றது என்று தானே மூடிக்கொண்டது. கணினி என்றால் பயந்து, பதவி உயர்வுப் பரீட்சையையே எழுதாமல் விட்டவர் அண்ணை. மகள் அனுப்பிய போனில் விரலால் தட்டி அவர் உள்ளே போகிறார். கணினி படிப்பித்த நான் வெளியே நிற்கிறேன்.

அந்தக் கிழமையே போனுக்கு வங்கியின் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் கணக்குக்கு நூறு ரூபா வரவு. அவ்வளவுதான். யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாது. குறுஞ்செய்தியில் குறிப்பு வராது. வங்கிப் புத்தகத்தில் அச்சடித்தாலும் வராது. இணையத்துக்குள் போனால் மட்டும் தெரியும். கடிதம் வந்து, உறை மட்டும் கையில் தரப்பட்டதுபோல இருந்தது.

வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீளமான, ஒழுங்கான, உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய மின்னஞ்சல். பதில் வந்தது: ஆதரிக்கப்படும் உலாவியைப் பாவிக்கவும்.

கணினியில் மற்ற மென்பொருளைப் போட்டிருக்கலாம். ஒரு காலைப் பொழுது வேலை. அல்லது யாருடையதாவது கணினியில் போய் இருந்திருக்கலாம். நான் செய்யவில்லை. என் காசு, என் கணக்கு, என் கணினி, நான் எதற்கு மாறவேண்டும் என்று இருந்தேன். இன்னொருவரின் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதே என்று இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். அந்த வசனத்துக்குப் பின்னால் போய் வசதியாக நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது குறுஞ்செய்தி. மறுபடியும் நூறு ரூபா வரவு. அது என் முறை. நூறு ரூபா என்னிடம் இருக்கும்போது அவர் பேசமாட்டார், பேசியதேயில்லை. வேறொரு நூறு ரூபா எடுத்து, சட்டத்தை மீறி, இரண்டாம் தடவை ஏதோ சொல்லியிருக்கிறார். சுகமில்லையோ என்று நினைத்தேன். என் மேல் கோபமோ என்றும் நினைத்தேன். போன் கையில்தான் இருந்தது. அண்ணையின் இலக்கமும் அதில் இருந்தது. நான் கோல் எடுக்கவில்லை. வங்கிக்கே போய் இதை ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தேன். திங்கள் பௌர்ணமி, போயா விடுமுறை. செவ்வாய் காலை கேற்றில் ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டு, முதல் ஆளாக நிற்கவேண்டும் என்று எட்டு மணிக்கு முன்னமே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன்.

விடுமுறைக்கு அடுத்த நாள் என்பதால் வங்கியில் ஊரே நின்றது. துண்டு எடுத்துக் காத்திருந்து என் இலக்கம் வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. மேசைக்குப் பின்னால் ஒரு இளம் பெண். மரியாதையான பிள்ளை, ஆனால் எடுத்த எடுப்பில் என்னை "அன்ரி" என்றது.

"உங்கடை கொம்பியூட்டர் பழசு போலை, அன்ரி. பிள்ளையளிட்டைக் குடுத்துப் புதுசு போடுவியுங்கோ."

"பழசில்லை. வேறை."

"வேறை எண்டால்?"

"நீங்கள் பாவிக்கிறதில்லை. லினக்ஸ்."

அந்தப் பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்தது. பக்கத்து மேசை தோளை உயர்த்தியது.

"அது பாதுகாப்பில்லை எண்டு சிஸ்டம் சொல்லுது, அன்ரி. நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

"பிள்ளை, நான் இதைப் படிப்பிச்சனான். எது பாதுகாப்பு, எது இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"தெரியும் அன்ரி. ஆனால் சிஸ்டம்."

அந்தச் சொல்லுக்கு எதிராக மனிதர் யாரும் வாதாட முடியாது. முகாமையாளரைக் கேட்டேன். அவர் கூட்டத்தில் இருந்தார். காத்திருந்தேன். வந்தார், கேட்டார், தலையாட்டினார், தலைமைக் காரியாலயத்துக்கு எழுதும்படி ஒரு படிவம் தந்தார். பூட்டப்பட்ட இணைய வழியைத் திறக்க இன்னொரு படிவம். அடையாள அட்டையின் போட்டோப்பிரதி வேண்டும் என்றார்கள். எடுத்து வந்தேன். இரண்டு பக்கமும் வேண்டும் என்றார்கள். மறுபடி போய் எடுத்து வந்தேன்.

கடைசியாக அந்தப் பிள்ளையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "எனக்கு இரண்டு வரவு வந்திருக்கு. அதிலை என்ன குறிப்பு எழுதியிருக்கெண்டு மட்டும் பார்த்துச் சொல்லேலுமோ?"

தட்டிப் பார்த்தது. "எங்கடை பக்கத்திலை தொகையும் இலக்கமும்தான் வருது, அன்ரி. குறிப்பு வராது. ஆர் போட்டதெண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

"அப்ப அவரிட்டை ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோவன்."

அந்தப் பிள்ளை தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தின் பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

வீடு வர ஒன்றரை மணி. கேற்றுக் கொளுக்கியில் ஒரு சொப்பிங் பை தொங்கியது. உள்ளே பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு பொதி. பக்கத்து வீட்டு அக்கா அடிக்கடி இப்படி ஏதாவது மாட்டிவிட்டுப் போவார், கருவேப்பிலை, முருங்கைக்காய் என்று. அவர்தான் என்று நினைத்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது. எனக்கு இருந்த எரிச்சலில் அவிழ்த்துக்கொண்டிருக்கவில்லை, கத்தியால் ஒரே வெட்டு. உள்ளே இராசவள்ளிக் கிழங்கு. நல்ல ஊதாக் கிழங்கு. அடுத்த நாள் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் களியாகக் காய்ச்சினேன். வங்கியைத் திட்டிக்கொண்டே கிண்டினேன், திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். அக்காவுக்கும் ஒரு கிண்ணம் மதிலுக்கு மேலால் கொடுத்தேன். "எங்காலை ரீச்சர், இந்த நேரத்திலை இராசவள்ளி?" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தப் புதன்கிழமையே மூன்றாவது குறுஞ்செய்தியும் வந்திருந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

இணைய வழி திறக்கப்பட்டுவிட்டது என்று வங்கி அறிவிக்க ஒன்பது நாள் ஆனது. அறிவித்த அன்று என் கணினியில் முயன்றேன். அதே வெள்ளைத்தாள், அதே சிவப்பு எழுத்து. கதவின் பூட்டைத் திறந்துவிட்டார்கள், ஆனால் என் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். இன்னும் நான்கு நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது பொய், பிடிவாதம் பிடித்தேன். ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. மூடிய மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அண்ணையின் சத்தம் வேண்டும்போல இருந்தது. முப்பத்தைந்து எழுத்தென்றாலும் அது அவருடைய சத்தம்.

சந்தியில் ஒரு கொமினிக்கேசன் இருக்கிறது. போட்டோப்பிரதி, போன் காட், ஒரு மூலையில் இரண்டு கணினி. எல்லாரும் பாவிக்கிற மென்பொருள், பட்டியலில் உள்ள உலாவி. விசைப்பலகையில் யார் யாருடைய விரல் அழுக்கோ இருந்தது. பக்கத்தில் ஒருவர் தகரக் கதிரையை இழுத்துப்போட்டு ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார், கழுத்தைத் திருப்பினால் என் திரை தெரியும். உலகத்திலேயே பாதுகாப்பற்ற அந்தக் கணினியில் என் கடவுச்சொல்லைத் தட்டினேன். வங்கி உடனே திறந்து, நல்வரவு என்றது.

மூன்று நூறு ரூபாக்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

முதலாவது: கொஞ்சம் அலுவல் நீ சுகமோ.

இரண்டாவது, ஞாயிறு அனுப்பியது: செவ்வாய் காலமை வாறன் வீட்டை நில்.

மூன்றாவது, புதன்: வந்தன் பூட்டு பயணம் சொன்னதா எடு.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பயணம் போகிறவர் புறப்பட முன்பு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்லவேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகாது. வாசலில் வந்து நின்று, "போட்டு வாறன்" என்று வாயால் சொல்லவேண்டும். அண்ணை வந்திருக்கிறார். நான் வீட்டில் நின்று பயணம் கேட்காததால், சொன்னதாக எடுத்துக்கொள் என்கிறார். ஆங்கில எழுத்தில் அந்த வசனத்தை எண்ணிப் பார்த்தேன். இடைவெளியோடு சரியாக முப்பத்தைந்து. பெட்டி நிறையும் வரைக்கும் எழுதியிருக்கிறார்.

அந்த இடத்திலேயே பண்டத்தரிப்பு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை எங்கை அக்கா?"

"உனக்குத் தெரியாதோ? அவர் போன வெள்ளிக்கிழமை கனடாவுக்குப் போட்டார். மகள் கூப்பிட்டது. இனி அங்கைதான்."

"திரும்பி வரமாட்டாரோ?"

"அந்த வயசிலை ஆர் பிள்ளை திரும்பி வாறது? வீட்டையும் ஒராளிட்டைப் பாக்கக் குடுத்திட்டார். போனையும் அந்தாளிட்டையே குடுத்திட்டுப் போட்டார்." பிறகு சொன்னார்: "பயணம் சொல்ல எல்லா வீட்டையும் வந்தவர். உன்ரை வீட்டைதானாம் முதல் போனது. வளவுக் கிழங்கும் கொண்டு போனதாச் சொன்னார். நீ கேற்றைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருக்கிறாய் எண்டு நினைச்சாரோ தெரியாது, முகம் நல்லாயில்லை."

சணல் கயிறு ஞாபகம் வந்தது. குறுக்கும் நெடுக்கும், நடுவில் இறுக்கமாக ஒரு முடிச்சு. முப்பது வருடம் தபாற்கந்தோரில் பொதி கட்டிய முடிச்சு. சின்ன வயதில் என் புத்தகங்களை அப்படித்தான் கட்டித் தருவார். அதைத்தான் நான் பார்க்காமல் கத்தியால் வெட்டினேன்.

ஏழு வருடம் அவர் என் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை என்று இருந்தவள் நான். அவர் வந்தார். உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி, கிழங்கோடு, சொல்வதற்கு என்றே வந்தார். நான் அந்த நேரம் அடையாள அட்டையின் மற்றப் பக்கத்தைப் போட்டோப்பிரதி எடுக்க நின்றேன். அவர் எழுதியதை வாசிக்கும் உரிமைக்காக அங்கே சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். வங்கி என்னை வாசலில் நிறுத்தியது என்று கோபப்பட்ட நான் அண்ணையை வாசலில் நிறுத்திவிட்டேன். வங்கி செய்தது பிழைதான், அதை இப்போதும் சொல்வேன். ஆனால் என்னிடம் போன் இருந்தது, அதில் அவருடைய இலக்கமும் இருந்தது. அதை எந்தச் சிஸ்டமும் தடுக்கவில்லை.

அக்கா கனடா இலக்கத்தைச் சொன்னார். கொமினிக்கேசன்காரியிடம் பேனை வாங்கிப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இப்போது அது வீட்டுக் கலண்டரில் இருக்கிறது. அங்கே என்ன நேரம் என்று தினமும் கணக்குப் பார்க்கிறேன். எடுக்கவில்லை. எனக்குப் பயம். ஏழு வருடத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டு அவர் "ஆர்?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று பயம்.

அன்று கொமினிக்கேசனில், போனை வைத்த பிறகு, மூன்று நூறில் ஒரு நூறை அண்ணையின் கணக்குக்கு அனுப்பப் போட்டேன். குறிப்புப் பெட்டி திறந்தது. நான் வீட்டில் இருக்கவில்லை, வங்கியில் நின்றேன், வேண்டுமென்று பூட்டவில்லை, நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் கேற்றைத் திறந்து வைத்திருப்பேன். இவ்வளவும் முப்பத்தைந்துக்குள் அடங்காது. அடித்தேன், அழித்தேன். பக்கத்துக் கதிரைக்காரர் திரும்பிப் பார்த்தார். நேரம் முடிகிறது, வெளியே தள்ளிவிடப்போகிறேன் என்று பக்கம் எச்சரித்தது. கடைசியில் இரண்டு சொல் எழுதினேன்: கிழங்கு சாப்பிட்டன்.

வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது.

அவருடைய போன் உடுப்பிட்டியில் யாரோ ஒருவரின் கையில் இருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி அந்த மனிதருக்குப் போயிருக்கும், நூறு ரூபா வரவு என்று. கனடாவிலிருந்து அண்ணை தன் கணக்குக்குள் போகமுடியுமா, போகப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. வியாழக்கிழமைகளில் சந்திக்குப் போய் அந்த மூலைக் கணினியில் பார்த்துவிட்டு வருகிறேன். இப்போது முறை அவருடையது. நூறு ரூபா இன்னும் திரும்பி வரவில்லை.